ஃப்ளூ காய்ச்சலில் உயிரைக் கொண்டுபோவது வைரஸா, உடம்பின் அழற்சியா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அக்கா வீட்டுக்காரருக்கு வயது 41. படகு இன்ஜின் மெக்கானிக். சர்க்கரை, ரத்த அழுத்தம், குடி, புகை எதுவும் கிடையாது. ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. நான்காம் நாள் சற்றுக் குறைந்ததுபோல் இருந்து, ஐந்தாம் நாள் இரவு மூச்சு வாங்கியிருக்கிறது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து, எச்1என்1 வகை ஃப்ளூ என்று உறுதியாகி, வென்டிலேட்டரில் வைத்தும் பதினோராம் நாள் இறந்துவிட்டார். அங்கே ஒரு மருத்துவர், "வைரஸ் அவரைக் கொல்லவில்லை, அவருடைய எதிர்ப்புச் சக்தியே நுரையீரலைத் தாக்கிவிட்டது" என்று சொல்லியிருக்கிறார். இது உண்மையா, உண்மை என்றால் எதிர்ப்புச் சக்திக்காக வீட்டில் கொடுத்த நிலவேம்புக் குடிநீரும் ஜிங்க் மாத்திரையும்தான் அதைத் தூண்டிவிட்டனவா, கோவிட் காலத்தில் பலருக்கும் போட்ட ஸ்டீராய்டை இவருக்கு ஏன் போடவில்லை என்று மூன்று கேள்விகள் கேட்கிறார்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. எங்கள் கையாலேயே அவரை இழந்துவிட்டோமா என்பதுதான் அது. அதற்குப் பதில் முதலிலேயே சொல்கிறேன்: இல்லை. குடிநீரும் ஜிங்க் மாத்திரையும் அவருடைய நுரையீரலை அந்த நிலைக்குக் கொண்டுபோகவில்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குத்தான் கீழே உள்ள நீண்ட விளக்கம். நான் நெஞ்சக நோய் மருத்துவன். 20 ஆண்டுகளுக்கு மேல் புதுச்சேரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்த்து வருகிறேன். உங்கள் அக்கா வீட்டுக்காரரின் கேஸ் ஷீட்டையோ எக்ஸ்ரேயையோ நான் பார்த்ததில்லை. ஆகவே அவர் ஒருவருக்கு நேர்ந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இந்த நோய் எப்படி நடக்கும் என்பதை மட்டுமே சொல்ல முடியும்.

அழற்சி என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். காலில் கருவேல முள் தைத்தால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். இந்த நான்கையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செல்சஸ் என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். ரத்தக் குழாய் விரிகிறது, அதன் சுவர் கொஞ்சம் கசியத் தொடங்குகிறது, அந்தக் கசிவின் வழியாக வெள்ளணுக்கள் இறங்கி வந்து கிருமியையும் செத்த திசுவையும் அப்புறப்படுத்துகின்றன. இது நடக்காவிட்டால் முள் தைத்த கால் அழுகிப்போகும். ஆகவே அழற்சி என்பது நோயன்று, மருத்துவம். உடம்பு தனக்குத்தானே செய்துகொள்ளும் முதல் மருத்துவம். காலில் வீக்கத்துக்கு இடம் இருக்கிறது. இரண்டு நாள் நொண்டி நடந்தால் போதும். நுரையீரலில் அந்த இடம் இல்லை என்பதுதான் கடுமையான ஃப்ளூவின் முழுச் சிக்கலும்.

நுரையீரலின் கடைசிக் கிளைகளில் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. 30 கோடியிலிருந்து 50 கோடி வரை இருக்கும். விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர். ஒவ்வொரு நுண்ணறையிலும் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம்; நடுவில் உள்ள திரை ஒரு மைக்ரான்கூட இருக்காது, தலைமுடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் ஆக்சிஜன் கண்ணிமைக்கும் நேரத்தில் ரத்தத்துக்குள் போகிறது. அந்தத் திரை வீங்கினாலோ, நுண்ணறைக்குள் நீர் கசிந்தாலோ, பக்கத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் ரத்தத்துக்குப் பயனில்லை. காலில் வந்தால் நோவு என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய அதே வீக்கம், இங்கே மூச்சை நிறுத்திவிடும்.

இனி வைரஸ். ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃபுளூயன்சா வைரஸ் நம் சுவாசப் பாதையின் செல்களில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் அந்தச் செல்லிலிருந்து புதிய வைரஸ்கள் வெளிவரத் தொடங்கிவிடும். செல்லும் சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்திருப்பது அந்நிய மரபுப்பொருள் என்று கண்டுகொள்ளும் உணரிகள் அதற்குள் இருக்கின்றன. அவை தட்டப்பட்டதும் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார்படுத்துகிறது. 1957-இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் இந்தப் பொருளைக் கண்டுபிடித்ததே இன்ஃபுளூயன்சா வைரஸை வைத்து ஆய்வு செய்தபோதுதான். காய்ச்சல், உடம்பு முறித்துப் போட்டதுபோன்ற வலி, படுக்கையை விட்டு எழ முடியாத அசதி எல்லாம் பெரும்பாலும் இன்டர்ஃபெரானாலும் அதனுடன் சுரக்கும் சைட்டோகைன் என்னும் தூதுப் பொருட்களாலும் வருபவை. வைரஸ் தொண்டையில் இருக்கிறது, முழங்கால் ஏன் வலிக்கிறது என்று நோயாளிகள் கேட்பார்கள், காரணம் இதுதான். பெரும்பாலானவர்களுக்கு நோய் இங்கேயே முடிந்துவிடும். மூன்று நான்கு நாளில் வைரஸ் ஒடுங்கி, ஒரு வாரத்தில் ஆள் எழுந்துவிடுவார்.

சிலருக்கு வைரஸ் தொண்டையோடு நிற்காமல் நுண்ணறை வரை இறங்கிவிடுகிறது. அங்கே அது முக்கியமாகத் தாக்குவது இரண்டாம் வகைச் செல்களை. நுண்ணறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருளைச் சுரப்பவை அவை. நுண்ணறைக்குள் சேரும் நீரை வெளியே இறைத்துத் தள்ளுபவையும் அவையே. காயம்பட்ட திரையைப் புதிதாக நெய்து தருபவையும் அவையே. அவை சாகும்போது நுண்ணறையைக் காவல் காக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் உதவிக்கு ஆளனுப்பச் சொல்லித் தூது விடுகின்றன. இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் போன்ற பெயர்களைக் கோவிட் காலத்தில் கேட்டிருப்பீர்கள். அவை அந்தத் தூதுகள்தாம். ரத்தக் குழாயின் உள்சுவர் அந்தத் தூதைக் கேட்டுத் திறந்துகொடுக்கிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரள் திரளாக இறங்குகின்றன. அவற்றின் ஆயுதங்கள் கிருமிக்கும் நம் திசுவுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. கசிந்த புரதமும் செத்த செல்களும் சேர்ந்து நுண்ணறையின் உட்புறத்தில் ஒரு சவ்வாகப் படிந்துவிடுகின்றன.

இதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அடிப்பகுதியில் பஞ்சு ஒட்டியதுபோல் இரண்டு மூன்று வெள்ளைத் திட்டுகள் இருக்கும். மறுநாள் படத்தில் கருப்பாகத் தெரியவேண்டிய இரு நுரையீரல்களும் ஏறத்தாழ முழுவதும் வெளுத்திருக்கும். விலா எலும்புகளுக்கும் நுரையீரலுக்கும் நிறத்தில் வேறுபாடு தெரியாது. சுவாசக் குழாய் வைத்தவுடன் சில நோயாளிகளுக்கு அதன் வழியே வெளிர் சிவப்பு நுரை பொங்கி வரும். செவிலியர் உறிஞ்சி எடுக்க எடுக்க மீண்டும் வரும். அது சளியன்று; ரத்தக் குழாயிலிருந்து கசிந்த நீர். கையால் அழுத்தும் காற்றுப் பையைக் கொண்டு மூச்சுக் கொடுக்கும்போது, மென்மையாக விரியவேண்டிய நுரையீரல் ஈரச் சாக்கைப்போல் கனத்து எதிர்க்கும். அந்தக் கனத்தை ஒருமுறை உள்ளங்கையில் உணர்ந்தவர் மறக்க மாட்டார்.

ஆகவே கடுமையான ஃப்ளூவில் நுரையீரலைச் செயலிழக்க வைப்பதில் அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது உறுதி. அந்த மருத்துவர் சொன்னதில் பாதி இதுதான். மறுபாதி, அதாவது வைரஸ் கொல்லவில்லை என்பது, சரியன்று. 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலாக மனிதர்களுக்குப் பரவி, நோயுற்ற 18 பேரில் 6 பேர் இறந்தபோது, அவர்களுடைய ரத்தத்தில் சைட்டோகைன்கள் மிக அதிகமாக இருந்ததைக் கண்டு "சைட்டோகைன் புயல்" என்ற பேச்சு ஃப்ளூவிலும் பரவியது. ஆனால் 2006-இல் வியட்நாம் நோயாளிகளிடம் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இறந்தவர்களின் உடலில் சைட்டோகைன்கள் மட்டும் மிகுந்திருக்கவில்லை, வைரஸின் அளவும் மிகுந்திருந்தது, இரண்டும் சேர்ந்தே ஏறின. எரியும் வீட்டில் புகை அதிகம் இருப்பதால் புகைதான் வீட்டை எரித்தது என்று சொல்ல முடியாது. புகையும் ஆளைக் கொல்லும் என்பதும் உண்மை. இந்த நோயில் எவ்வளவு சேதம் வைரஸால், எவ்வளவு அழற்சியால் என்று ஒரு தனி நோயாளியிடம் பிரித்துச் சொல்லும் பரிசோதனை இன்றுவரை இல்லை.

"இளைஞர், திடகாத்திரமானவர், அதனால்தான் எதிர்ப்புச் சக்தி அளவு மீறிவிட்டது" என்றும் பலர் சொல்வார்கள். இந்த எண்ணம் 1918 பெருந்தொற்றிலிருந்து வருவது. அப்போது இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 20 முதல் 40 வயதுக்காரர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இறந்தார்கள். வலுவான எதிர்ப்புச் சக்தியே அவர்களைப் பலிகொண்டது என்பது ஒரு விளக்கம். அது நிரூபிக்கப்பட்டதன்று. சிறுவயதில் அவர்கள் சந்தித்த முதல் ஃப்ளூ வைரஸ் வேறு வகையாக இருந்ததால் 1918 வைரஸுக்கு எதிரான தயார்நிலை அவர்களிடம் குறைவாக இருந்தது என்ற விளக்கமும் அதே அளவு பொருந்துகிறது. 2008-இல் மாரென்ஸ், டாபன்பர்கர், ஃபௌசி ஆகியோர் அக்காலத்துப் பிரேதப் பரிசோதனைத் திசுக்களையும் அறிக்கைகளையும் ஆராய்ந்து, பெரும்பாலான இறப்புகளில் வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா இருந்தது என்று காட்டினார்கள். வைரஸ் சுவாசப் பாதையின் மேல்தோலை உரித்துப்போட்டதும் நிமோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறிவிடும். நான்காம் நாள் காய்ச்சல் குறைந்து ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு இதுவும் தோன்றியது. அதை உறுதிசெய்ய வேண்டுமானால் சளி, ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவுகளைப் பார்க்க வேண்டும்.

2012 முதல் கிடைத்த மரபணுச் சான்றுகளோ எதிர்த் திசையையே காட்டுகின்றன. வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் ஐஎஃப்ஐடிஎம்3 என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு மாறுபாடு, 2009 எச்1என்1 பெருந்தொற்றில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது என்று 2012-இல் தெரியவந்தது. 2015-இல், ஃப்ளூவால் உயிருக்குப் போராடிய ஒரு குழந்தைக்கு இன்டர்ஃபெரானைச் சுரக்கச் செய்யும் ஐஆர்எஃப்7 என்ற மரபணு பிறவியிலேயே பழுதுபட்டிருந்தது கண்டறியப்பட்டது. 2022-இல், 70 வயதுக்குட்பட்ட கடுமையான ஃப்ளூ நோயாளிகளில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு, தம் சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருட்கள் உடலில் இருந்தது காணப்பட்டது. இவர்களில் பலர் நோய் வரும்வரை திடமாக நடமாடியவர்கள்தாம். முதல் இரண்டு நாளில் எழவேண்டிய காவல் எழாததால், வைரஸ் கீழே இறங்கிப் பெருகி, அதற்குப் பின்னால் வந்த அழற்சி பெரிதாகிவிட்டது.

2015 வெள்ளத்தைக் கடலூரில் பார்த்தவருக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஏரிக்கரையில் ஒரு முழம் அகலத்துக்கு உடைப்பு விழும்போதே கண்டுவிட்டால், பத்துப் பேர் மணல் மூட்டை போட்டு அடைத்துவிடுவார்கள், பயிருக்குச் சேதமில்லை. இரவெல்லாம் யாரும் பார்க்காமல் விடிந்தபின் ஊரே திரண்டு ஜேசிபியை வயலுக்குள் இறக்கினால், வெள்ளத்தில் போனது பாதி, வண்டிச் சக்கரத்தில் போனது மீதி. ஜேசிபி வந்ததால்தான் வெள்ளம் வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிந்திவந்த அழற்சி அப்படிப்பட்டது. எதிர்ப்புச் சக்தி அதிகமாக இருந்தது என்று சொல்வதைவிட, அது வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவில் வராமல், பின்னால் வேண்டாத அளவில் வந்தது என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமானது. எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2009-இல் கர்ப்பிணிகளும் மிகப் பருமனானவர்களும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். எந்தக் காரணமும் தென்படாத இளைஞர்களும் இறந்தார்கள். இந்தக் கடைசிப் பிரிவினரில் பெரும்பாலானோருக்கு ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு அறிவியலிடம் இன்னும் விடை இல்லை.

இப்போது குடிநீருக்கும் ஜிங்க் மாத்திரைக்கும் வருகிறேன். மேலே சொன்ன சங்கிலியில் எந்தக் கண்ணியையும் அசைக்கும் வலிமை அந்த இரண்டுக்கும் இருப்பதாகச் சான்று இல்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று கடைகளில் விற்பவையும் அப்படியே. எதிர்ப்புச் சக்தி என்பது ரேடியோவின் ஒலியைப்போல ஒரே குமிழைத் திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒன்றன்று. ஆகவே டம்ளரில் ஊற்றிக் கொடுத்த கையை நொந்துகொள்ள வேண்டாம் என்று உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். கஷாயத்தால் வரக்கூடிய ஒரே கெடுதல், அதை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவது. அவருக்கு மூச்சு வாங்கிய இரவே நீங்கள் வண்டி வைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஸ்டீராய்டு பற்றிய கேள்விதான் கடினமானது; அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 10 நாள் வரை கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்ததாகக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் எதுவும் தெரியவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மக்கள் மறந்துவிட்டார்கள். அழற்சியை அடக்கும் மருந்து ஒரு வைரஸ் நிமோனியாவில் உயிரைக் காத்தது என்றால் ஃப்ளூ நிமோனியாவிலும் காக்கவேண்டும் அல்லவா என்று கேட்பது நியாயமே. நாங்களும் 2009-இல் அப்படித்தான் எண்ணினோம். பல இடங்களில் கொடுத்தும் பார்த்தார்கள். பின்னர் அந்த நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. மருத்துவமனையில் வரும் பாக்டீரியாத் தொற்றும் அதிகமாக இருந்தது.

அந்தத் தொகுப்புகளில் ஒரு பலவீனம் உண்டு. மோசமான நிலையில் இருந்தவர்களுக்குத்தான் ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். அவர்கள் இறந்தது மருந்தாலா நோயாலா என்று முழுமையாகப் பிரிக்க இயலாது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் சோதனைதான் இதற்குத் தீர்ப்புச் சொல்லும். ரெக்கவரி ஆய்வும் பின்னர் இன்ஃபுளூயன்சாவைச் சேர்த்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கடுமையான ஃப்ளூவுக்கென்று ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம் என்று நிபந்தனையுடன் கூறியிருக்கிறது. சான்று வலுவாக இல்லை, கையில் உள்ளது கெடுதலையே காட்டுகிறது என்பதுதான் அந்த நிபந்தனைக்குப் பொருள். ஆஸ்துமா முற்றியிருந்தாலோ, மருந்துகளுக்கும் ஏறாத அளவுக்கு ரத்த அழுத்தம் சரிந்திருந்தாலோ, அவற்றுக்காக ஸ்டீராய்டு கொடுப்போம்; அது வேறு கணக்கு. உங்கள் அக்கா வீட்டுக்காரருக்குக் கொடுக்காமல் விட்டதை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்திருந்தாலும் தவறு என்று சொல்லத் துணியமாட்டேன்.

கோவிட்டில் உதவியது ஃப்ளூவில் ஏன் உதவாமல் போகலாம் என்பதற்கு நான் ஏற்கும் விளக்கம் காலக்கணக்கு. கோவிட் நோயாளி மருத்துவமனைக்கு வருவது பெரும்பாலும் நோயின் இரண்டாம் வாரத்தில்; அப்போது வைரஸ் குறைந்து அழற்சி மட்டும் ஓங்கியிருக்கும். ஃப்ளூ நோயாளி நான்காம் ஐந்தாம் நாளிலேயே வந்துவிடுகிறார். நுரையீரலின் அடியில் வைரஸ் அப்போதும் பெருகிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் காவலை அடக்கினால் வைரஸுக்கு வழி விட்டதாகிவிடும். இது என் கருத்து. நிறுவப்பட்ட உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. நம் ஊர்களில் காய்ச்சல் என்று போனால் "ஒரு ஊசி போடுங்க, சீக்கிரம் வேலைக்குப் போகணும்" என்று கேட்கிற பழக்கம் இருக்கிறது. போடப்படும் ஊசியில் பல நேரம் டெக்சாமெத்தசோன் இருக்கும். அன்று மாலையே காய்ச்சல் விட்டு, உடம்பு லேசாகி, பசிகூட எடுக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பாகூர்ப் பக்கமிருந்து 30 வயதுப் பெண் ஒருவர் வெளிநோயாளியாக வந்தார். மூன்று நாள் தொடர்ந்து ஒரு கிளினிக்கில் ஊசி போட்டிருந்தார்கள். நெற்றியைத் தொட்டால் சூடே இல்லை. "காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு சார்" என்றார் கணவர். நான் அந்தப் பெண்ணின் புடவை மேல்மடிப்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்கு 36 முறை. என்ன செய்கிறது அம்மா என்றேன். "ஒண்ணும் இல்ல சார்" என்பதற்குள் இரண்டு முறை மூச்சு எடுத்தார். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டினால் 82. ஊசி காய்ச்சல் என்ற மணியை நிறுத்தியிருந்தது. உள்ளே நடந்ததை நிறுத்தவில்லை. அவர் 19 நாள் கழித்துப் பிழைத்து வீட்டுக்குப் போனார். எல்லாரும் அப்படிப் போவதில்லை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். என்ன ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

அழற்சியை ஒட்டுமொத்தமாக அடக்காமல், அதில் ஒரே ஒரு தூதை மட்டும் தடுத்தால் என்ன என்ற முயற்சியும் நடந்தது. 2007-இல், டிஎன்எஃப் இல்லாத எலி, இன்டர்லூகின்-6 இல்லாத எலி என்று தனித்தனியாக எச்5என்1 வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். எந்த எலியும் அதனால் பிழைக்கவில்லை, ஸ்டீராய்டு கொடுத்த எலிகளும் பிழைக்கவில்லை. ஒரு வாசலை மூடினால் தூது வேறு வாசல் வழியாகப் போய்விடுகிறது. 2011-இல் ரத்தக் குழாயின் உள்சுவரைக் குறிவைத்துச் செய்த எலி ஆய்வு நம்பிக்கை அளித்தது. அந்தச் சுவரை அமைதிப்படுத்தினால் வெள்ளணுக்களின் திரளும் குறைந்தது, இறப்பும் குறைந்தது. ஆனால் எலியில் பலித்தது மனிதரில் பலிப்பதற்கு இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஃப்ளூவுக்கென்று நாங்கள் எடுத்துப் போடக்கூடிய அழற்சித் தடுப்பு மருந்து இன்று எதுவும் இல்லை.

அப்படியானால் என்னதான் செய்கிறோம்? வைரஸைக் குறைக்க ஓசெல்டாமிவிர் கொடுக்கிறோம். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, வழக்கமாக ஐந்து நாள். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பயன். மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றியவருக்கு அதன்பிறகும் தொடங்குகிறோம். பாக்டீரியா சேர்ந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஆன்டிபயாட்டிக். இவற்றுக்கு மேல், நுரையீரலுக்குப் புதிய காயம் ஏற்படாமல் பார்த்துக்கொள்வதே பெரும் வேலை. அழற்சியுற்ற நுரையீரலுக்குள் வென்டிலேட்டர் அதிகக் காற்றைத் தள்ளினால் அந்த இழுவையே மேலும் அழற்சியைக் கிளப்பும். 2000-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை ஒன்றில், ஒரு மூச்சுக்கான காற்றை, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6 ஆகக் குறைத்ததில், இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. 2013-இல் பிரான்சு நாட்டு ஆய்வு, கடுமையான நிலையில் உள்ளவர்களை நாளொன்றுக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்தால் இறப்பு ஏறத்தாழப் பாதியாகிறது என்று காட்டியது. உங்கள் அக்கா வீட்டுக்காரரைக் குப்புறப் படுக்க வைத்திருந்ததைப் பார்த்து வீட்டார் பதறியிருந்தால், அதற்குக் காரணம் இதுதான். இத்தனையும் செய்தும் இழக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை என்பதைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்காகிறது என்று 2018-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு காட்டியது. அரிதாகக் குழந்தைகளுக்கு மூளையில் அழற்சி ஏற்பட்டு வலிப்பும் மயக்கமும் வரும். ஃப்ளூக் காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் பாதிக்கும் ரேய் நோய் வரக்கூடும்.

2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது புதுச்சேரியில் 8-ஆம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறை விட்டது நினைவிருக்கும். நம் பகுதியில் மழைக்காலத்திலும் அதையொட்டியும் ஃப்ளூ கூடும். உங்கள் அக்காவும் பிள்ளைகளும் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. அது தொற்றை முழுமையாகத் தடுக்காவிட்டாலும் நோய் முற்றுவதைக் குறைக்கிறது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தெர்மாமீட்டரை மட்டும் பார்க்காமல் மூச்சை எண்ணுங்கள். பெரியவர் ஒருவர் அமைதியாகப் படுத்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு ஓடினாலோ, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க இயலாவிட்டாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, குறைந்த காய்ச்சல் திரும்பி வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் அக்கா வீட்டுக்காரர் விஷயத்தில் இதற்குமேல் தெரிந்துகொள்ள விரும்பினால், மருத்துவமனையில் இறப்புச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அது குடும்பத்துக்கு உரியது. அதில் சளி, ரத்தக் கல்ச்சரில் ஏதேனும் பாக்டீரியா வளர்ந்ததா, ஓசெல்டாமிவிர் எந்தத் தேதியில் தொடங்கப்பட்டது, கடைசி நாட்களில் சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் எப்படி இருந்தன என்ற மூன்று இடங்களை அந்த மருத்துவரிடமே காட்டி விளக்கம் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள், வராந்தாவில் அவசரத்தில் ஒரே வாக்கியத்தில் சொன்னதை, உட்காரவைத்துக் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார்கள். போகும்போது அக்காவையும் அழைத்துக்கொண்டு போங்கள். குடிநீர் கொடுத்ததைப் பற்றி அவரே வாய்விட்டுக் கேட்கட்டும்.